அம்மம்மாவின் கல்வெட்டு: சில குறிப்புகள்

கொழும்பில் பெரியம்மாவின் சாமியறைத் தட்டில், பழைய கந்தசஷ்டி கவசப் புத்தகங்களுக்கு நடுவே கிடைத்தது. மேலட்டை இல்லை. முதற்பக்கத்தில் பிள்ளையார், அடுத்த பக்கத்தில் அம்மம்மா. 1972இல் அவர் காலமானபின், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க யாழ்ப்பாணத்தில் அச்சடித்த நினைவு மலர்; கல்வெட்டு என்போம். எங்கள் வீட்டுப் பிரதிகள் 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வோடு போயின. வலிகாமமே வெளிக்கிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்த இரவில் காணி உறுதியையும் பிள்ளைகளையும்தான் தூக்க முடிந்தது.

*

திதி வெண்பா: பரிதாபி ஆண்டு, ஆவணி மாதம், அபரபக்கத் தசமி. ஆங்கிலத் தேதி வீட்டில் எல்லோருக்கும் நினைவிருந்தது. திதி யாருக்கும் தெரியவில்லை. திவசம் திதிப்படிதான் செய்ய வேண்டும் என்பதால், பஞ்சாங்கம் கைமாறினாலும் கணக்குத் தவறாதபடி அதைச் செய்யுளில் கட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடமும் குத்துமதிப்பாகச் செய்த திவசத்தை, இனி அவருக்குரிய நாளில் செய்யலாம்.

*

புலவர் பாடிய இரங்கற்பாக்களை இரண்டு தரம் வாசித்தேன். விருந்தோம்பினார், கணவர் சொல் காத்தார், சிவனை மறவாதிருந்தார். எந்தத் தாய்க்கும் பொருந்தும் வரிகள். புகையிலைத் தோட்டத்துக்கு விடியமுன் தண்ணீர் இறைத்தவர், ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் கைமருந்து கொடுத்தவர் என்று அம்மா சொல்லும் மனுசியை அதில் காணவில்லை.

*

ஆனால் கடைசிப் பக்கத்து வம்சாவளி வேறு மாதிரி. கொப்புக்கொப்பாகப் பிரிந்து, கணவன் மனைவி பெயர்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டு, நான்கு தலைமுறை. அம்மம்மாவுக்கு ஆறு பிள்ளைகள் என்றுதான் கேட்டு வளர்ந்தோம். அச்சில் ஏழு. நாங்கள் கேள்விப்படாதது ஒரு பெண்பிள்ளை. பெயருக்குப் பக்கத்தில் ‘சிரம்பான்’ என்றும், ‘காலஞ்சென்ற’ என்றும் இருக்கிறது.

பெரியம்மாவிடம் கேட்டேன். “ஓம் பிள்ளை, எனக்கு நேரே இளையவள். மலாயாவில காய்ச்சலில போனவள். அம்மா அவளைப் பற்றிக் கதைக்கிறேல்ல” என்றார். அம்மப்பா மலாயா றெயில்வேயில் வேலை பார்த்தவர். அந்நாளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் பலர் அங்கே எழுதுவினைஞராகவும் ஸ்டேசன் மாஸ்டராகவும் போனார்கள். வாய் திறந்து சொல்லாத பிள்ளையை, தன் மரணத்துக்குப் பின் வரும் தாளில் சேர்க்கச் சொல்லி வைத்தவர் அம்மம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

அம்மம்மாவின் மரண அறிவித்தல் இலங்கை வானொலியிலும் போனதாம். தீவு முழுக்கக் கேட்டிருக்கும், காற்றோடு போய்விட்டது. ‘ஈழநாடு’ பத்திரிகையிலும் வந்ததாம். 1981 யூன் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட அதே நாட்களில், அந்தப் பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. வீடுகளுக்குப் போன பத்திரிகைகள் கடையில் சாமான் சுற்றப் போயிருக்கும்.

இந்தக் கல்வெட்டு மட்டும் ஏன் மிஞ்சியது? முதலாவது, ஓரிடத்தில் பூட்டி வைக்காமல் வந்தவர்கள் கையிலெல்லாம் கொடுத்தது. இரண்டாவது, உள்ளே தேவாரமும் சிவபுராணமும் இருப்பது. பெயர் தெரியாதவரின் கல்வெட்டு என்றாலும், பிள்ளையார் படமும் பதிகமும் உள்ள தாளை எங்கள் சனம் குப்பையில் போடாது. வெள்ளிக்கிழமைகளில் பெரியம்மா சிவபுராணம் படித்தது இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான். ஓரங்களில் திருநீறும் எண்ணெயும் ஏறியிருக்கின்றன.

*

செய்ய வேண்டியவை:

ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கான் பண்ணி ‘நூலகம்’ எண்ணிம நூலகத்துக்கு அனுப்புவது. 2005இல் தொடங்கிய அந்த முயற்சி இப்படியான நினைவு மலர்களையும் சேர்த்துக் காக்கிறது. ஒரு வீட்டுத் தாள் இன்னொரு வீட்டாருக்கு விடுபட்ட கொப்பைக் காட்டும்.

வம்சாவளியை இன்றுவரை நீட்டுவது. மருமக்களின் பெற்றோர் பெயர்களையும், பிறந்து சில நாளே இருந்த பிள்ளைகளின் பெயர்களையும் கேட்டு எழுதுவது. பெரியம்மா தெளிவாக இருக்கும்போதே கேட்க வேண்டும்.

இனி எங்கள் வீட்டில் கல்வெட்டு அடித்தால், போனவர் என்ன வேலை செய்தார், எதில் கெட்டிக்காரர், யாருக்கு உதவினார் என்பதை வசனநடையில் இரண்டு பக்கமாவது எழுதுவது.

கனடாவில் இருக்கும் மச்சான் “படங்களை மட்டும் போட்டு ஃபோனில அனுப்பினால் காணும்” என்கிறான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபோனிலும் அனுப்புவோம், தாளிலும் அடிப்போம், தேவாரத்தோடு அடிப்போம். வீடுவீடாகக் கொடுப்போம்.