பெய்ஸ்லியும் ஹார்வி மில்லும்

பெய்ஸ்லி, ஸ்காட்லாந்து



கிளாஸ்கோ நகரை அடுத்த இவ்வூரில், வொயிட் கார்ட் என்னும் சிற்றாறு பாறைகளின்மீது இரைந்து இறங்கும் இடத்தில், 1886-இல் எழுந்த பழைய ஆலைக் கட்டடம் ஒன்று இன்று குடியிருப்பாக விளங்குகிறது. நூலைக் கண்டுகளில் சுற்றிச் சீட்டு ஒட்டிப் பெட்டியில் அடைக்கும் கடைசி வேலைகள் நடந்த அக்கூடங்களில், மேற்கூரையின் வழியே வெளிச்சம் இறங்கும் நடுமுற்றத்தைச் சுற்றிக் குடும்பங்கள் வாழ்கின்றன. நெப்போலியனுடைய யுத்தத்தால் பட்டின் வரத்துத் தடைப்பட்டபோது, பருத்தியிலேயே வழுவழுப்பான நூல் முறுக்கும் உபாயத்தைக் கண்ட கிளார்க் குடும்பத்தாரின் ஆலை இது. நங்கூரம் அவர்களுடைய சின்னம். நம் பெண்மக்கள் பூவேலைக்கு வாங்கும் ஆங்கர் நூலின் பூர்விகம் இதுவே.

1896-இல் இவ்வாலை கோட்ஸ் கம்பெனியோடு சேர்ந்தது. அந்தக் கோட்ஸும் நம் மதுரை மில்லும் 1974-இல் இணைந்து மதுரா கோட்ஸ் ஆனமையால், இவ்வூர்ச் சுவர்களைக் காணும்போதெல்லாம் மதுரை ரயில் நிலையத்தை அடுத்த ஹார்வி மில் என் கண்முன் வந்து நிற்கிறது. பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் ஆலை நிறுவிய ஹார்வி சகோதரர்கள் 1889-இல் தொடங்கிய அந்த ஸ்தாபனம், கரிசற்காட்டுப் பருத்தியை நூலாக்கியதோடு, சுற்றுப்புறக் கிராமத்து உழவர் மக்களைச் சங்கொலிக்கு எழுந்து ஷிப்டுக்கு ஓடும் தொழிலாளராகவும் ஆக்கிற்று. திருப்பரங்குன்றத்தை அடுத்த ஹார்விப்பட்டி அவர்களுக்கென்றே அமைந்த குடியிருப்பு. மதுரைத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டப் பாடுபட்டவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்.  அதற்கு முன்னர் 1908-இலேயே, ஹார்விகளின் தூத்துக்குடி ஆலையில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் வேலைநிறுத்தம் நடத்தி, கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றுத் தந்திருந்தனர்.

பழங்கட்டடத்தை வேறு பிரயோஜனத்துக்கு மாற்றுவது மதுரைக்குப் புதிதன்று. திருமலை நாயக்கர் மகாலில் 1970 வரை ஜில்லா நீதிமன்றம் நடந்தது. தமுக்கம் அரண்மனை 1959-இல் காந்தி அருங்காட்சியகமாயிற்று. ஆயின் அரண்மனைக்குக் கிடைக்கும் கௌரவம் ஆலைக்குக் கிடைப்பதில்லை. பெய்ஸ்லியிலும் எல்லாம் தப்பவில்லை. பெர்கஸ்லியின் பேராலை 1990-களில் இடிபட்டது. தப்பியவற்றுள் மைல் எண்ட் ஆலையைத்தான் நான் பெரிதும் போற்றுகிறேன். பல அலுவலகங்கள் வாடகைக்கு இயங்கும் அக்கட்டடத்திலேயே ஒரு நூல் அருங்காட்சியகமும் இருக்கிறது. அங்கே சுற்றும் யந்திரங்களும் பழைய மரக்கண்டுகளும் வைத்திருக்கிறார்கள். ஊதியம் பெறாத தொண்டர்களே அதனை நடத்துகிறார்கள். சுவரும் ஜன்னலும் தப்பி, அவற்றினுள்ளே உழைத்தவரின் நினைவுக்கு ஓரறையேனும் ஒதுக்கப்படாவிடில், அந்தப் பாதுகாப்பு பாதியிலே நின்றுவிட்டதென்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

மதுரை வட்டாரத்துப் பழைய ஆலைக் கட்டடங்களுள் எது நாளை விடுதியாகவோ கடைவீதியாகவோ மாறினாலும், நூல் நூற்கும் ரிங் பிரேம் யந்திரம் ஒன்றையும் ஷிப்டுக்கு அழைத்த அந்தச் சங்கையும் தொழிற்சங்கத்தின் பழைய துண்டுப் பிரசுரங்களையும் வைக்க அங்கே இடம் கேட்டு வாங்க வேண்டும். அறுந்த இழையை ஓடும் யந்திரத்திலேயே விரல்நுனியால் பிணைத்த கைகளுக்கு உரியவர்கள் ஹார்விப்பட்டியிலும் மதுரைப் பைக்காராவிலும் இன்னும் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் இவ்வாண்டே அவர்களுடைய வீடுகளுக்குச் சென்று, வாய்மொழியைப் பதிவு செய்யத் தொடங்கலாம்.