முன்பணம்

விடிந்தும் விடியாத நேரம். பாலுசெட்டிச்சத்திரத்து டீக்கடையில் பாய்லர் சூடேறிக்கொண்டிருக்கிறது. சென்னை–பெங்களூரு சாலையில் லாரிகள் ஓயவில்லை. திருப்புட்குழிக் கோயில் மணி ஒரு ஏர்ஹாரனில் அமுங்கிப் போகிறது. விழுந்து கிடந்த ஜடாயுவுக்கு, பெற்றவனுக்குச் செய்வதுபோல இராமன் ஈமக்கடன் செய்த தலம். ஊர்ப் பேரிலேயே புள் இருக்கிறது.

பேருந்தை ஓரங்கட்டிச் சோதனை. ஒரு பையனை மட்டும் இறக்குகிறார்கள். இருபது வயது இருக்கும். செருப்பு புதுசு, குதிகால் வெடிப்பில் செம்மண் ஏறியிருக்கிறது. பையைத் திறந்தால் பழுப்பு டேப் சுற்றிய பொட்டலங்கள், செங்கல் செங்கலாக. தமிழ் தெரியவில்லை அவனுக்கு. "பாடேரு, பாடேரு" என்று ஊர்ப் பேரையே திரும்பத் திரும்பச் சொல்கிறான்.

"சீலாவதி கஞ்சாவாம்," என்கிறார் ஒருவர். செல்போன்கள் உயர்கின்றன. எடை போடுகிறார்கள். 20 கிலோவைத் தாண்டிவிட்டால் சட்டப்படி குறைந்தது 10 வருஷம்.

பெஞ்சில் ஒரு பெரியவர். வலது ஆள்காட்டி விரலில் ஜரிகை இழை அறுத்த தழும்பு, கோடு கோடாக. பட்டுத்தறிக்காரர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறார்:

"எவ்ளோ முன்பணம் வாங்கினானோ, பாவம்."

யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது. முன்பணம் வாங்கிய தறிக்காரர் அதை அடைக்காமல் வேறு முதலாளியிடம் போக முடியாது. அதைக் காஞ்சிபுரத்துக் குழித்தறியில் கால்விட்டு உட்கார்ந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பாடேரு இருக்கும் ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலும் வெளியூர் வியாபாரி விதையைக் கொடுத்து, கையில் பணத்தையும் வைத்துவிட்டுத்தான் போகிறான். மஞ்சளையும் ராஜ்மாவையும் சந்தைவரை சுமக்க வேண்டும். கஞ்சாவுக்கோ ஆள் வாசலுக்கே வருகிறான். 2021 அக்டோபர் கடைசியில் ஆந்திரப் போலீஸ் தொடங்கிய 'பரிவர்த்தனா' நடவடிக்கையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் செடியை வெட்டிச் சாய்த்தார்கள். 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சா எரிந்தது. வாங்கிய முன்பணத்தை அந்த நெருப்பு எப்படி அடைக்கும்?

கொக்கைனுக்காகக் கோக்கா இலை விளைகிற கொலம்பியாவிலும் இதே கதைதான். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கிளையை உருவி இலை பறிக்கிறார்கள் கூலிக்காரர்கள். 2015 வரை விமானத்திலிருந்து களைக்கொல்லி தெளித்தார்கள். பக்கத்திலிருந்த வாழையும் மரவள்ளியும் சேர்ந்து கருகின. கோக்கா போய்விடவில்லை. 2023இல் ஐ.நா. கணக்குப்படி 2,53,000 ஹெக்டேர்.

"இன்னொரு டீ போடுப்பா," என்கிறார் பெரியவர்.

டம்ளரை எடுத்துக்கொண்டு பையனிடம் மெல்ல நடந்து போகிறார். காவலர் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிடியைத் தளர்த்துகிறார்.

"குடிப்பா."

அந்த ஒரு சொல்லாவது அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் டம்ளரை வாங்குகிறான். விரல் நுனியெல்லாம் கறுப்பு. செடியை உருவி உருவிப் படிந்த பிசின், நகக்கண்ணில் இன்னும் போகவில்லை.