ஒப்பம் வைத்தவன்தான் பொறுப்பு



கொஞ்சம் நீண்ட பதிவு. நம்ம ஊர் ஆட்கள் பொறுமையாக வாசிக்கவும்.

எங்கள் அயல் வீட்டு நானா ஒருவர் 22 வருடம் இராணுவத்தில் இருந்தவர். படைகளுக்கு அரிசி, பருப்பு வழங்கும் பிரிவில் வேலை. "துவக்குப் புடிச்சத விட மூட்டை எண்ணினதுதான் கூட" என்று சிரிப்பார். பென்ஷனோடு வந்தவர் இப்போது அரச அலுவலகம் ஒன்றின் பெறுகைப் பிரிவில் இருக்கிறார். பெறுகை என்றால் அரசாங்கக் காசில் சாமான் வாங்குவது, வேலை கொடுப்பது. நாம் டெண்டர் என்போமே, அதுதான்.

எங்கள் பாடசாலைக்குக் கதிரை, மேசை வாங்கும் கோவை ஒருமுறை அவரிடம் போனது. மூன்று விலைமனுக்கள், மூன்று கடைப் பெயர்கள். ஆனால் மூன்றிலும் ஒரே எழுத்துப் பிழை, ஒரே இடத்தில். நானா அதைப் பெறுகைக் குழுவுக்கு எழுதி வைத்தார். குழு அவற்றை நிராகரித்து மீண்டும் விலை கோரியது. ஒரு தவணை பிந்தியது. இரண்டு பேர் இருக்கும் வாங்கில் மூன்று பிள்ளைகள் நெருங்கி இருந்தார்கள்.

மறைக்காமல் சொல்கிறோம். இஷாவுக்குப் பிறகு நாங்களும் அவர் வீட்டுக்குப் போனோம். "நம்ம புள்ளைகளுக்குத்தானே நானா, கொஞ்சம் பார்த்துச் செய்ங்களேன்" என்றோம். அவர் கோபப்படவில்லை. பிளேன்டீ தந்துவிட்டுச் சொன்னார்:

"ஆமியில ஓடர் வந்தா செய்யிறதுதான். ஓடர் போட்டவர் பொறுப்பு. இங்க சைன் வெச்சவன்தான் பொறுப்பு. யாரும் வாயால சொன்னா, 'எழுத்துல தாங்க' எண்டு கேக்கணும். அந்த ஒரு வார்த்தையப் பழகத்தான் எனக்கு ரெண்டு வருஷம் போச்சு."

வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கற்பிட்டிப் பக்கம் ஓலைக் கொட்டிலில் ஒதுங்கிய குடும்பம் எங்களது. நிவாரண அரிசியில் வளர்ந்தோம். சில மூட்டையில் புழு, சிலதில் கல். உம்மா சுளகில் புடைத்து முடிய மாட்டா. அந்த மூட்டைக்கும் எங்கோ ஒருவர் 'சரி' என்று ஒப்பம் வைத்துத்தான் இருப்பார். அவரிடமும் யாராவது "பார்த்துச் செய்ங்க" என்று போயிருப்பார்கள்.

2020 இல் ஓய்வுபெற்ற படை அதிகாரிகள் சுங்கம், சுகாதார அமைச்சு என்று பல சிவில் பதவிகளுக்கு வந்தார்கள். ஒழுங்கு வரும் என்றார்கள் சிலர். பயந்தோம் சிலர். அதே வருடம் 20ஆவது திருத்தத்தால் தேசிய பெறுகை ஆணைக்குழு இல்லாமல் போனது. 2022 இல் 21ஆவது திருத்தம்தான் அதை மீளக் கொண்டுவந்தது. ஆகவே சீருடைப் பழக்கம் மட்டும் போதாது. 'எழுத்தில் தாருங்கள்' என்று கேட்பவனுக்குப் பின்னால் சட்டம் நிற்க வேண்டும். ஊரும் நிற்க வேண்டும்.

கதிரைகள் வந்துவிட்டன. விலை பெரிதாகக் குறையவில்லை, ஆனால் கால்கள் ஆடவில்லை. ஆனாலும் நம்ம ஆட்கள் சிலர் இன்னும் அந்த நானாவின் முகம் பார்ப்பதில்லை. பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றும் பேசுவதில்லை.

பொதுப் பணம் ஓர் அமானிதம். அதைக் காத்த மனிதரை நாம் தனியாக விடலாமா? வருகிற ஜும்ஆவில் அவருக்கு ஒரு ஸலாம் சொல்லுங்கள். முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான்.