பழைய காருக்கு என்ன விலை?

வைத்திருக்கும் காரைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுக்கப் புறப்படும்போது நாம் அனைவரும் ஏறக்குறைய ஒரே கணக்கைத்தான் சுமந்து செல்கிறோம். வாங்கும்போது கொடுத்தது இவ்வளவு. சென்ற ஆண்டு நான்கு டயர்களும் மாற்றினோம். இருக்கைகளுக்கு நல்ல உறை தைத்தோம். ஆகவே இவ்வளவேனும் வந்தாக வேண்டும். எதிரே அமர்ந்திருக்கும் மதிப்பீட்டாளர் இதைப் பணிவோடு கேட்டுக்கொண்டு வேறொரு கணக்கைத் தாளில் எழுதுகிறார். நாம் செலவிட்டதை அவர் எண்ணுவதில்லை. நமக்குப் பின் இதனை வாங்கப் போகிறவர் என்ன கொடுப்பார், எதைக் கண்டு தயங்குவார் என்பதையே எண்ணுகிறார்.

அந்த விலையிலிருந்து டிங்கரிங், பெயிண்டிங் செலவு கழியும். வண்டி விற்காமல் நிற்கும் நாட்களுக்கான வட்டி, தரகு, அவருடைய இலாபம் ஆகியவையும் கழியும். அந்த இலாபத்தின்மீது 2025 ஜனவரி முதல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. எஞ்சுவதே நம் கைக்கு வருவது. நேரடியாக ஒருவருக்கு விற்றால் கிடைப்பதைவிட இது குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவை மோசடி என்று சொல்வதற்கில்லை. நமக்கு மிச்சமாகும் அலைச்சலுக்கு நாம் கொடுக்கும் கூலி அது.

நம் கையில் இல்லாத காரணங்களும் உண்டு. 2021இல் போர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. நம் மறைமலைநகரில் உருவான நல்ல வண்டிகள் அவை. உதிரிப் பாகங்களும் பழுது பார்க்கும் சேவையும் தொடரும் என்று நிறுவனம் சொன்ன பின்னரும், வாங்குவோர் மனத்தில் ஐயம் புகுந்தது. ஐயத்துக்கும் ஒரு விலை உண்டல்லவா? சிற்றூர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கக்கூடிய, தெருமுனைக் கடையிலும் பாகம் கிடைக்கக்கூடிய வண்டிக்கு மதிப்பு மெல்லத்தான் இறங்கும். 2025 செப்டம்பர் 22ஆம் நாள் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைந்தது. புதியது மலிந்தால் பழையது தன் விலையில் எப்படி நிற்கும்?

இனி மதிப்பீட்டாளரின் கண்களைப் பார்ப்போம். அவர் பளபளப்பைப் பார்ப்பதே இல்லை. பானட்டின் திருகாணிகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு உண்டா, கதவிடுக்குகள் இருபுறமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கிறார். சிறு கருவியொன்றால் பெயிண்டின் கனத்தை அளக்கிறார். ஒரு கண்ணாடியில் மட்டும் ஆண்டுக்குறி மாறியிருந்தால் அது ஏன் உடைந்தது என்ற கேள்வி எழுகிறது. டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லிவிடும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பார்ப்பதும் வீணல்ல. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் பல. அத்தகைய வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக்கறை தங்கிவிடுவதுண்டு. மீட்டரில் ஓட்டம் குறைவாகவும் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்தும் இருந்தால், மீட்டரை அவர் நம்புவதில்லை.

கடலோர ஊர்களில் நம் மக்களுக்கே உரிய ஒரு குறை இங்கே சொல்லத்தக்கது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும், சபரில் இருப்பவர் விடுமுறைக்கு வரும்போது ஓட்டுவதற்கென்றே வாங்கி வைத்த கார்கள் ஆண்டில் பதினொரு மாதம் கொட்டகையில் உறங்குகின்றன. “ஐந்து ஆண்டில் எட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது” என்று பெருமையோடு சொல்கிறோம். மதிப்பீட்டாளர் அதைக் கேட்டு மகிழ்வதில்லை. நின்றபடியே டயர் இறுகிப் போகும், பாட்டரி சாகும், பிரேக் தகடுகளில் துரு ஏறும், எலி ஒயரைக் கடிக்கும், உப்புக்காற்று அடித்தகட்டை அரிக்கும். வீட்டில் இருப்பவர் எவரேனும் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டி வந்தால் இதில் பாதியைத் தவிர்க்கலாம்.

அடுத்தது காகிதங்கள். கடன் முழுதும் அடைத்த பின்னும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நிற்பது பல வீடுகளில் உண்டு. வங்கியின் கடிதத்தோடு 35ஆம் படிவம் கொடுத்து அதை நீக்கியிருக்க வேண்டும். சர்வீஸ் பதிவுகளும் இரண்டாவது சாவியும் இருந்தால் பேரம் நீளாது. இன்சூரன்சில் கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் கழிவு, ஐந்து ஆண்டில் 50 விழுக்காடு வரை உயர்வது, காரைச் சேர்ந்ததன்று, நம்மைச் சேர்ந்தது. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சான்று வாங்கி அதைப் புதிய காருக்குக் கொண்டுபோகலாம்.

‘எக்ஸ்சேஞ்ச் போனஸ்’ என்பது தனிக் கலை. பழைய காருக்கு மூன்று இலட்சம், போனஸ் ஐம்பதாயிரம் என்கிறார் ஒருவர். போனஸ் இல்லை, காருக்கே மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் என்கிறார் மற்றவர். முன்னவர் புதிய காரின் தள்ளுபடியில் இருபதாயிரத்தைக் குறைத்திருந்தால் இலாபம் எங்கே? கொடுக்க நம்மிடம் காரே இல்லை என்பதுபோல் முதலில் புதியதன் விலையைக் கேட்டுத் தாளில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே பழையதைப் பற்றிப் பேச வேண்டும்.

வாப்பா மௌத்தான பின் அவருடைய காரை மூத்த மகன் தன் புதிய காருக்கு மாற்றாகக் கொடுக்கும் வீடுகளில் இது வெறும் பேரக் கணக்காக நிற்பதில்லை. அந்தக் கார் அவர் விட்டுச்சென்ற சொத்து. உம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் அதில் பங்குண்டு. காரின் விலையைக் குறைத்துப் போனஸை உயர்த்தி எழுதினால், மகனுக்கு மொத்தம் ஒன்றுதான். சகோதரிகளின் பங்கோ குறைந்த விலையிலிருந்து பிரிகிறது. எவரும் பொய் சொல்லாமலே ஒரு பங்கு தேய்ந்துவிடுகிறது! புதிய கார் எதுவும் வாங்காமல் ரொக்கத்துக்கே விற்றால் என்ன தருவார்கள் என்று இரண்டு இடங்களில் எழுத்தில் வாங்கி, அதை எல்லா வாரிசுகளுக்கும் காட்டி, அந்தத் தொகையைப் பங்கில் சேர்ப்பதே நேர்மை. போனஸ் புதியது வாங்குபவருக்கே இருக்கட்டும். மரணத்தை முப்பது நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, 31ஆம் படிவம் கொடுத்து வாரிசின் பெயருக்கு மாற்றிய பின்னரே காரை ஒப்படைக்க முடியும்.

சாவியைக் கொடுத்ததும் பொறுப்பு தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். வண்டி கைமாறியிருந்தாலும், ஆர்.சி.யில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கென்றே 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் காரை ஒப்படைக்கும்போது 29-சி படிவத்தின் வழியாக அரசுக்குத் தெரிவிக்கலாம். அங்கீகாரம் இல்லாதவரிடம் கொடுத்தால், 29, 30ஆம் படிவங்கள் சேர்ந்து புதியவர் பெயர் ஏறும் வரை நம் பெயரே நிற்கும். வெற்றுப் படிவங்களில் கையொப்பம் மட்டும் வாங்கிக்கொண்டு, “மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பாய்” என்பவரிடம் விலை சற்றுக் கூடுதலாகக் கிடைத்தாலும் நாம் எழுந்து வந்துவிடலாம்.