மூணு கட்டு கூடை

பெரியபாளையத்தில் ஸ்வெட்டருக்கு வேலை கிடையாது. மார்கழியில் விடியற்காலை வாசலில் கோலம் போடுகிற அரைமணி நேரத்தை விட்டுவிட்டால், மிச்ச வருஷம் முழுக்க பனியனே அதிகம். இப்படி ஒரு ஊரில் உல்லன் நூலையும் இரண்டு ஊசியையும் வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வார்?

டிவிக்குச் சட்டை போடுவார்.

பெயர் எதற்கு, அம்மா என்றே வைத்துக்கொள்ளலாம். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பின்னல் அவருக்கு ஒன்பதாம் வகுப்பில் தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் பின்னிய குழந்தை ஸ்வெட்டர் மார்க் வாங்கிக்கொடுத்ததோடு பெட்டிக்குள் போய்விட்டது. கல்யாணமாகி வந்தபிறகு வீட்டில் நிற்கிற, உட்காருகிற எல்லாப் பொருளுக்கும் உடுப்பு வந்தது. டிவிக்கு உறை. டிவி தலையில் ஒரு விரிப்பு, அதன்மேல் பிளாஸ்டிக் பூ ஜாடி. போன் வந்ததும் அதற்குக் கீழே ஒரு வட்டம். ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு ஒரு கவுன். மாமியார் ஒருநாள் பொறுக்கமுடியாமல், "அம்மிக்கல்லு மட்டுந்தான் அம்மணமா கெடக்குது, அதுக்கும் ஒண்ணு போட்டுடும்மா" என்றாராம்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகி குட்டியாக ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். ஆபீஸிலிருந்து வரும் கணவர் அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டு வெட்கப்படுவார். பார்க்கிறவர்களுக்கும் டாக்டர் வந்து கை பிடித்துப் பார்க்காமலே விஷயம் தெரிந்துவிடும். "கோடம்பாக்கத்து வெயில்ல எந்தப் புள்ளைக்குடா உல்லன் சட்டை போடறாங்க?" என்பது அம்மாவின் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் அதே உல்லனில் டிவிக்குச் சட்டை போட்டவர் கேட்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

உடுப்பு விஷயத்தில் இந்த ஊரே கொஞ்சம் விசேஷம்தான். ஆரணியாற்றங்கரையில் பவானி அம்மன் கோயில். ஆடி பிறந்துவிட்டால் சனிக்கிழமை ராத்திரியே சென்னையிலிருந்தும் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் ஜனம் வந்து இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பொங்கல், கூழ், வேண்டுதல். அதில் முக்கியமானது வேப்பஞ்சேலை. வேப்பிலைக் கொத்துகளை நெருக்கமாகக் கட்டி, அதையே சேலையாக உடுத்திக் கோயிலைச் சுற்றி வருவது. புருஷன் பிழைத்து எழுந்தால், தாலி தங்கினால், பிள்ளைக்கு அம்மை இறங்கினால் என்று நேர்ந்துகொண்டவர்கள் சுற்றுவார்கள். அந்த வாரங்களில் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி குரல்தான்.

கோயிலுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் ஆடி மாதம் அது வீடு இல்லை, சத்திரம். வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள். அம்மா சமைத்துப் போட்டுவிட்டு, ராத்திரி அவர்களோடு உட்கார்ந்து வேப்பிலைக் கொத்து கட்டுவார். அவர் கட்டினால் சேலை சுற்றி முடிகிறவரை ஒரு கொத்துகூட நழுவாது என்று பெயர்.

சரி, உல்லனுக்கு என்ன ஆயிற்று? டிவி இளைத்துவிட்டது. விஷயம் அவ்வளவுதான். 2006-ல் ஆரம்பித்த இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த சின்ன டிவிக்குக்கூட முதுகும் தலையும் இருந்தன, ஒரு உறை பின்ன இடம் இருந்தது. பிறகு சுவரில் தொங்குகிற தட்டை டிவி வந்தது. தலையே இல்லாத டிவிக்கு எங்கே விரிப்பு போடுவது? லேண்ட்லைன் போனும் போயிற்று. இந்தியா முழுக்க எத்தனை அம்மாக்களின் கைவேலையை இந்தத் தட்டை டிவி ஒழித்துக்கட்டியது என்று யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

அப்போதுதான் ஒயர் கூடைக்கு மாறினார். இதைப் பார்த்திராதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. சாப்பாட்டுக் கேரியர், மார்க்கெட், மாமியார் வீடு, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் கூட வருகிற கூடை. ஆனால் பின்னுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒயர் கட்டுக் கட்டாக வரும். கூடைக்கு அளவே அதுதான்: ரெண்டு கட்டு கூடை, மூணு கட்டு கூடை. முதலில் ஒரே நீளத்தில் துண்டுகளை வெட்டிக்கொள்ளவேண்டும். இங்கே ஒரு சாண் குறைத்து வெட்டிவிட்டால் கூடை பாதி உயரம் ஏறியபிறகுதான் அது தெரியும், அப்போது அழுது பிரயோஜனமில்லை. துண்டுகளை நடுவில் மடித்து, ஓடுகிற ஒயர் ஒன்றை குறுக்கே விட்டு, முடிச்சு முடிச்சாக இழுத்துக்கொண்டே போகவேண்டும். முதலில் அடி. அது முடிந்ததும் மூலையில் திருப்பி, சுவர் எழுப்புகிற மாதிரி சுற்றிச் சுற்றி மேலே. கடைசியில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை உள்ளே செருகி வெட்டிவிட்டு கைப்பிடி. சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று வகைகள். நெல்லிக்காய் போட்டால் உருண்டை உருண்டையாகப் புடைத்துக்கொண்டு அழகாக இருக்கும், ஒயரைத் தின்னும், விரலையும் தின்னும்.

நிறத்தில் அரசியல் உண்டு. கறுப்பும் சிவப்பும் போட்டால் அது ஒரு கட்சிக் கூடை. நடுவில் ஒரு வெள்ளை வரி ஓட்டினால் கட்சி மாறிவிடும். எனவே யார் கேட்டாலும் அம்மா பச்சை மஞ்சள், ஊதா வெள்ளை என்று பாதுகாப்பாகவே முடித்துக்கொள்வார்.

இந்த வேலை எல்லாம் நடப்பது டிவி முன்னால். 1999-ல் வந்த 'சித்தி'யிலிருந்து 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' என்று சன் டிவி ராத்திரிகளை அவர் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். கண் முடிச்சில் இருக்கும். யார் அழுகிறார்கள் என்பது குரலில் தெரியும், வில்லி வருவது இசையில் தெரியும், பிறகு எதற்குப் பார்ப்பது? 2020 ஊரடங்கில் 'மெட்டி ஒலி'யை மறுபடி போட்டபோதுதான் பல பேருக்கு முகம் எப்படி என்று நிதானமாகப் பார்த்தாராம். 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம்தான் 2022-ல் 'எதிர்நீச்சல்' எடுக்கிறார் என்று மகள் சொன்னபோது, "வசனத்த கேட்டாலே தெரியுதே" என்றார். அதில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்த அன்று சீரியல் நேரத்தில் கூடையைத் தொடவில்லை. அந்தப் பாத்திரத்தைத் தினமும் திட்டியவர்தான். ஒன்றரை வருஷம் தினமும் திட்டியபிறகு அவரும் வீட்டு மனுஷன் மாதிரிதானே.

சீரியல்களைப் பற்றி அவர் சொல்வதில் ஒன்று எந்த விமர்சகரும் சொல்லாதது. "இத்தன பொம்பளைங்க இருக்காங்க, ஒருத்தி கையிலயாவது எதாவது வேலை இருக்குதா பாரு." உண்மை. உரிக்காத பூண்டு, மடிக்காத துணி, கட்டாத பூ எதுவும் கிடையாது. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பட்டுப்புடவையில் நின்று பேசுகிறார்கள். எந்த வீட்டில் ஒரு அம்மா இருபது நிமிஷம் சும்மா நின்று பேசியிருக்கிறார்? மகன் தமிழ் டப்பிங்கில் ஹாரி பாட்டர் முதல் படத்தைப் போட்டுக் காட்டினான். மந்திரம், துடைப்பம், மூன்று தலை நாய் எதுவும் மனதில் நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்கு ரானும் ஹாரியும் எழுத்து போட்ட ஸ்வெட்டரோடு நிற்கிறார்களே, அது நின்றது. "யாரு பின்னுனது?" என்று கேட்டார். ரானோட அம்மா என்றதும், "ஏழு புள்ளைங்களுக்கும் பின்னி இந்தப் பையனுக்கும் சேத்து பின்னியிருக்குது பாரு" என்று சொல்லிவிட்டு முடிச்சைத் தொடர்ந்தார். அந்தப் படத்தை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஒரே ஒருநாள் கை தப்பியிருக்கிறது. 2023 மே மாதம், ஐபிஎல் இறுதிப் போட்டி, மழையால் நள்ளிரவைத் தாண்டிப் போன ஆட்டம். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும், ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். மகன் போட்ட கூச்சலில் தெருவே விழித்தது. காலையில் பார்த்தால் அந்த வரிசையில் நாலு முடிச்சு தலைகீழ். பிரித்துவிட்டு மறுபடி போட்டார். சென்னை ஜெயித்தது என்பதால் மன்னிப்பு.

2016 ஜனவரி 31 பற்றியும் சொல்லவேண்டும். சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற பெண்கள் குழு தனித்தனியாகப் பின்னிய போர்வைகளை ஒன்றாக இணைத்து 11,148.5 சதுர மீட்டருக்கு விரித்து கின்னஸ் சாதனை செய்தது. பிறகு தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பின்னியவை. செய்தியைப் பார்த்த அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் மட்டும் இல்ல" என்றார். இருபது வருஷமாக வீட்டில் எல்லாரும் 'உங்கம்மாவுக்கு வேற வேலை இல்ல' என்று சிரித்துக்கொண்டிருந்த விஷயம் அது.

சிரிப்பு நின்றது பிளாஸ்டிக் தடைக்குப் பிறகு. 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக் கிடையாது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கமே ஆரம்பித்தது. கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து பை எடுத்துப் போவது மறுபடி மரியாதையான விஷயம் ஆயிற்று. ஒயர் கூடைக்கு திடீரென்று மவுசு. (ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்டால், ஆமாம். ஆனால் ஒரு கூடை பதினைந்து வருஷம் உழைக்கும்.) கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குப் பதில் குட்டிக் கூடை கொடுப்பதும் பழக்கமாயிற்று. அப்படித்தான் ஆர்டர் வந்தது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஐம்பது குட்டிக் கூடைகள். ஒயர் அவர்கள் வாங்கித் தருவார்கள், கூலி கூடைக்கு அறுபது ரூபாய்.

வீடே சந்தோஷப்பட்டது. மகன் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டான். கணவர் மூவாயிரம் ரூபாயை மனதுக்குள்ளேயே எதற்கோ செலவு செய்துவிட்டார்.

ஆனால் ஆவணிக்கு முன்னால் வருவது ஆடி. வீடு நிறைய ஜனம், அடுப்பு அணையாத ஞாயிறுகள், நடுவில் ஐம்பது கூடை. ஒரே நிறம், ஒரே முடிச்சு, ஒரே அளவு. முப்பதாவது கூடையில் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. தைலம் தடவித் துணி சுற்றிக்கொண்டு பின்னினார். டிவியைப் போடவே இல்லை, கவனம் சிதறுமாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிற மகளுக்கு மணிக்கணக்கு போடத் தெரியும். ஒரு ராத்திரி கம்பெனி வேனில் வந்து இறங்கியவள், அம்மா இன்னும் படுக்காமல் இருப்பதைப் பார்த்துக் கோபத்தில் கணக்கு போட்டாள். ஒரு கூடைக்கு நாலு மணிநேரம். அறுபதை நாலால் வகுத்தால் பதினைந்து. "மணிக்கு பதினஞ்சு ரூபாம்மா! இதுக்காம்மா கைய ஒடச்சிக்கிற?"

அம்மா முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டுச் சொன்னார்: "இருபது வருஷமா சும்மா பின்னிட்டிருந்தேன். மணிக்கு எவ்ளோன்னு ஒருத்தரும் கேக்கல. காசு வந்ததும் எல்லாரும் கணக்கு கேக்கறீங்க."

மகளுக்குப் பதில் வரவில்லை. அவள் கணக்கு தப்பில்லை. தப்பில்லாத கணக்கு என்பதுதான் சங்கடம். விலையைக் கூட்டிக் கேட்டிருக்கலாம், கேட்கவேண்டும்தான். கைவேலை செய்கிற பெண்கள் கூலி கேட்கக் கூச்சப்படுவதால்தான் வாங்குகிறவர்கள் அறுபதுக்கு வந்து நிற்கிறார்கள். ஆனால் இருநூறு கொடுத்திருந்தாலும் சீரியல் சத்தத்தோடு, யாருக்கு என்று தெரிந்து, நிறம் தானே தேர்ந்து பின்னுகிற அந்த ஒரு மணிநேரம் திரும்பக் கிடைத்திருக்குமா? பகல் முழுக்க அடுத்தவர்களுக்காக ஓடுகிற ஒருவருக்கு அந்த ஒரு மணிதான் சொந்தமாக இருந்தது. சும்மா உட்கார்ந்தால் யாராவது வேலை சொல்லுவார்கள். கையில் கூடை இருந்தால் சொல்லமாட்டார்கள். கூடையை வைத்து அவர் செய்த தந்திரம் அது. ஆர்டர் வந்ததும் கூடையே வேலையாகிவிட்டது.

ஐம்பதையும் நாள் தவறாமல் முடித்துக் கொடுத்தார். மூவாயிரம் வந்தது, வந்த வழியே போனது. அடுத்த மாதமே வேறு ஒரு வீட்டிலிருந்து நூறு கூடை கேட்டு வந்தார்கள், எண்பது ரூபாய்க்கு. முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். கணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "வூட்டுக்கு வர்ற லட்சுமிய இப்டியா தொரத்துவாங்க?" என்று பக்கத்து வீட்டுத் திண்ணையில் சொன்னது இங்கேயும் கேட்டது. மகன்தான் ரொம்ப வருத்தப்பட்டான், அவனுக்கு அந்தப் பக்கத்தில் நூற்றைம்பது பேர் சேர்ந்திருந்தார்கள். மகள் ஒன்றும் சொல்லவில்லை. தைலம் ஒரு புட்டி வாங்கி வந்து டிவிக்குக் கீழே வைத்தாள்.

மணிக்கட்டு சரியாக இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது ஒரு மூணு கட்டு கூடை நடக்கிறது. ஊதாவும் மஞ்சளும், நெல்லிக்காய் முடிச்சு. யாருக்கு என்று கணவர் கேட்டதற்கு, "எனக்குத்தான்" என்றார். இத்தனை வருஷத்தில் பின்னியதெல்லாம் நாத்தனார், சம்பந்தி, டீச்சர், பால்காரம்மா என்று போய்விட்டன. அவர் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போவது ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப்பை, அதுவும் ஒரு காது அறுந்தது.

உடம்பு முடிந்துவிட்டது. கைப்பிடிக்கு மட்டும் ஒயர் போதவில்லை, அதே ஊதா ஊத்துக்கோட்டையில்தான் கிடைக்குமாம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கூட்டம். திங்கட்கிழமை போய்க்கொள்ளலாம் என்றிருக்கிறார்.