மோட்டார் மேல பழி

விவசாயி வீட்டுல சாண்டர் எதுக்குன்னு கேப்பீங்க. மண்வெட்டிக்கும் களைக்கொத்துக்கும் காம்பு போடத்தான். வேலியோரத்துக் கருவேலத்தை வெட்டிக் காயவெச்சா, எங்க ஊர் ஆசாரி இழைச்சுக் கொடுப்பார். இப்ப அவருக்குத் தோள்பட்டை வலி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க முடியறதில்லை. தேய்க்காத காம்பைப் பிடிச்சா உள்ளங்கையில சிலாம்பு ஏறும். களையெடுக்க வர்ற அக்காமார் கையை விரிச்சுக் காட்டினாங்க. அந்த வாரமே, கோயமுத்தூர்ல மூடிட்டுப் போன ஒரு மரப்பட்டறையில இருந்து பழைய பெல்ட் சாண்டர் ஒண்ணை ஒன்பதாயிரத்துக்கு வாங்கிட்டு வந்தேன். 1 எச்.பி. மோட்டார், சிங்கிள் பேஸ்.

சும்மா ஓடும்போது ஜோரா ஓடும். கட்டையை வெச்சு அழுத்தினா முனகிக்கிட்டே இறங்கிடும். பத்து நிமிஷத்துல மோட்டார் மேல கை வைக்க முடியாது. பார்த்தவங்க எல்லாருக்கும் ஒரே தீர்ப்புதான்: "காயில் போச்சுங்க, ரீவைண்டிங் பண்ணிருங்க." மூவாயிரம் ஆகும்னாங்க. ஆசாரி மட்டும் ஒண்ணும் சொல்லலை. "இந்த மெஷினும் நம்மளாட்டமே ஆயிருச்சுங்களா"ன்னு சிரிச்சார். அதான் எனக்கு உறுத்துச்சு.

வயரிங் வேலைக்கு வர்ற தம்பியைக் கூப்பிட்டேன். வந்ததும் மோந்துதான் பார்த்தான். "ஏனுங்ணா, கருகுன வாசமே இல்லீங்களே. காயில் வார்னிஷ் எரிஞ்சா மூக்கே சொல்லிரும்." உங்க வீட்டு மிக்சியில ஒரு தடவையாவது அந்த வாசம் வந்திருக்கும், தெரியும்தானே? பிளக்கை உருவிட்டு, பெல்ட்டைக் கழட்டி, கையால சுத்திப் பார்த்தான். பேரிங் வழுக்கிக்கிட்டு ஓடுச்சு.

அப்புறம் மீட்டர். வீட்டு போர்டுல 214 வோல்ட். கொட்டகையில, கட்டையை அழுத்திக்கிட்டு இருக்கும்போது 190. நடுவுல 60 மீட்டர் ஒயர், அதுவும் 1 ஸ்கொயர் எம்.எம். எங்கப்பா காலத்துல ஒரு குண்டு பல்புக்காக இழுத்தது. கிணத்து மோட்டார் லைன் பக்கத்துலயே போகுதே, அதுல மாட்டலாமேன்னு தோணும். அது விவசாயத்துக்குன்னு கொடுத்திருக்கற இலவச மின்சாரம், பட்டறை வேலைக்கு எடுக்கக் கூடாது. அதனால வீட்டு லைன்தான்.

24 வோல்ட் குறைஞ்சா என்ன ஆயிடும்னு நினைக்காதீங்க. இந்த மாதிரி மோட்டார்ல இழுவை, வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி விழும். 230-க்குச் செஞ்ச மோட்டாருக்கு 190 கொடுத்தா, மிஞ்சறது மூணுல ரெண்டு பங்கு பலம்தான். ராத்திரி ஏழு மணிக்கு ஊரே டிவியும் கிரைண்டரும் போடற நேரத்துல கொட்டகையில 170 கூட வரும், அப்ப பாதிதான். பலம் குறைஞ்ச மோட்டார் கட்டையோட மல்லுக்கட்ட இன்னும் அதிகமா கரண்ட் இழுக்கும். அந்தக் கரண்ட்தான் சூடு. 4 ஸ்கொயர் எம்.எம். ஒயர் மாத்தினோம். இப்ப ஒயர்ல போறது ஆறேழு வோல்ட்தான்.

கொஞ்சம் தேவலை. ஆனா சூடு நிக்கலை. கெப்பாசிட்டரைக் கழட்டினான். கழட்டறதுக்கு முன்னாடி ஒரு குண்டு பல்பை அதோட ரெண்டு முனையிலயும் வெச்சு, உள்ளே தேங்கியிருக்கறதை வடிச்சுட்டான். வெறுங்கையை வெச்சா தூக்கி அடிச்சிரும். மேல 25 மைக்ரோஃபேரட்னு அச்சடிச்சிருந்தது. மீட்டர் காட்டினது 14. புதுசு போட்டோம். பின்பக்கம் விசிறி மூடியைத் திறந்தா, மரத்தூளும் கிரீஸும் சேர்ந்து அடைமாதிரி அப்பியிருந்தது. காத்து போக வழியே இல்லை. சுரண்டி எடுத்தோம்.

அதுக்கப்புறமும், 7 ஆம்பியர்னு பெயர்ப்பலகை சொல்ற மோட்டார், கட்டையை அழுத்தினா 10 இழுத்துச்சு. வந்து பார்த்துக்கிட்டிருந்த ஆசாரிதான் பெல்ட் மூடியைத் தடவிட்டு, "இது கம்பெனியில வெட்டுனது இல்லீங்க"ன்னார். ஹேக்சா பிளேடால அறுத்த பிசிறு. எதுக்கு அறுத்தாங்க? உள்ளே இருந்த புல்லி மூடிக்குள்ள அடங்கலை, அதுக்குத்தான். முன்னாடி வெச்சிருந்தவங்க யாரோ, வேலை சீக்கிரம் முடியட்டும்னு மோட்டார் பக்கம் 5 அங்குல புல்லி மாட்டியிருக்காங்க. மூடியோட பழைய அளவை வெச்சுப் பார்த்தா 3 அங்குலம்தான் சரியா உக்காரும். மேட்டுல சைக்கிளைப் பெரிய கியர்ல மிதிக்கிற கதை. பெல்ட் வேகமாத்தான் ஓடும், ஆனா அழுத்தம் முழுக்க மோட்டார் தலையில.

3 அங்குலப் புல்லி பழைய இரும்புக் கடையிலயே கிடைச்சது. மாட்டினதும் ஆம்பியர் 6.5. பெல்ட்டும் நரம்பு மாதிரி இறுகியிருந்ததைத் தளர்த்தி, நடுவுல அமுக்கினா அரை அங்குலம் தாழற மாதிரி வெச்சான் தம்பி.

இதையெல்லாம் பார்க்காம ரீவைண்டிங் பண்ணியிருந்தா, புதுக்காயிலும் அதே சூட்டுல வெந்திருக்கும். காயில் இன்சுலேஷன் பத்து டிகிரி கூடினா ஆயுசு பாதியாகும்னு மோட்டார்க்காரங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. மத்தபடி, சூடா இருக்கற மோட்டாரெல்லாம் கெட்டதுன்னு அர்த்தமில்லை. அரை மணி நேரம் வேலை செஞ்ச நல்ல மோட்டாரும் சுடத்தான் செய்யும். பத்தே நிமிஷத்துல கொதிச்சாத்தான் சந்தேகப்படணும்.

ஏழு மணிக்கு மேல இப்பவும் ஓட்டறதில்லை. போன வாரம் ஆசாரி உக்காந்த வாக்குல பன்னெண்டு காம்பு தேய்ச்சு வெச்சுட்டுப் போனார். எட்டு, களையெடுக்கறவங்களுக்குப் போயாச்சு. அடுத்தது வண்டி நுகத்தடி ஒண்ணு வேணும்னு கேட்டிருக்காங்க. அதோட நீளத்துக்கு இந்த மேசை போதுமான்னு அளந்துக்கிட்டு இருக்கோம்.