முள்ளை நம்பாதீர்கள்

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பண்ருட்டிப் பக்கம் போகப் போகக் கரும்பு குறைந்து செம்மண்ணும் முந்திரியும் தொடங்கும். அந்தத் தோப்புகளின் வேலியோரம் களாப்புதர்களுக்குத் தோதான இடம். செடி பார்த்துப் பேர் சொல்வது என் வேலை. அடிக்கடி வரும் சந்தேகம், இது பெருங்களாவா சிறுகளாவா என்பதுதான்.

லின்னேயஸ் பெருங்களாவுக்கு 1767-லும் சிறுகளாவுக்கு 1771-லும் பேர் வைத்துவிட்டார். இரண்டும் கரிசா பேரினம், அரளிக் குடும்பம். கிள்ளினால் பால் வடியும். பக்கத்தில் நிற்கும் காரைக்கும் முள் உண்டு. ஆனால் பால் வராது, பழம் மஞ்சள். அதைப் பிரிப்பது நிமிஷ வேலை. சிக்கலெல்லாம் இரண்டு களாவுக்குள்தான்.

புதிதாக வருபவர்கள் முதலில் முள்ளைப் பிடிப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் அது ஓரளவு செல்லும்: அங்குள்ள கரிசா பைஸ்பினோசாவின் முள் கவைத்திருக்கும், சிலவற்றில் கவையும் மறுபடி கவைக்கும். நம் களாவிலோ ஒற்றை முள்ளும் இருக்கும், கவைமுள்ளும் இருக்கும். இலையின் அளவும் ஏமாற்றும். ஆடு கடித்துக் கடித்துக் குட்டையான பெருங்களா, சிறுகளா மாதிரியே பொடி இலை விடும்.

நான் பழத்தை அறுத்துவிடுவேன். பெருங்களா ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர். உள்ளே பெரும்பாலும் நாலு விதை. சிறுகளா ஒரு சென்டிமீட்டரை ஒட்டி நிற்கும். விதை ஒன்றோ இரண்டோ. காய்ப்பில்லாத மாதங்களில் இலை நுனிதான் கதி. பெருங்களாவில் மழுங்கல், சிறுகளாவில் கூர்மை. அதையும் ஒரே இலையை வைத்துச் சொல்லக்கூடாது. கிளை முழுக்கப் பார்க்கணும்.

ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவருக்கு இந்த வம்பே இல்லை. “இது சின்னக் களா தம்பி, ஊறுகாய்க்கு ஆவாது, சும்மா வாயில போட்டுக்கலாம்” என்று நடந்துகொண்டே சொல்லிவிடுவார். ஊறுகாய்க்குப் போவது பெருங்களா. சிவப்புச் சாயமேற்றி பேக்கரியில் ‘செர்ரி’ என்று கேக்கின்மேல் உட்காருவதும் பல நேரம் அதுதான்.

என் பிரியம் சிறுகளா மேல். ஆப்பிரிக்கா தொட்டு ஆஸ்திரேலியா வரை பரவிய செடி. ஆப்பிரிக்கப் புதரைக் கரிசா எடுலிஸ் என்று தனியே வைத்திருந்தார்கள். இப்போது பலரும் சிறுகளாவோடு சேர்த்துவிட்டார்கள். இலையில் மயிர் உள்ளது, இல்லாதது என்று இடத்துக்கு இடம் மாறும் செடியைப் பிரித்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

படம் அனுப்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிளையோடு எடுங்கள், காயை அறுத்தும் ஒரு படம் எடுங்கள். முள்ளை மட்டும் அனுப்பினால் ‘களா’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.